எறியத் தெரியாத பவுலர்

“நோ பால்!”

குரல் வந்த திசைதான் அடைக்கலராஜைத் திடுக்கிட வைத்தது. பவுலர் பக்கம் நின்ற அம்பயர் வாயைத் திறக்கவில்லை. கத்தியவர், பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் இருபது கஜம் தள்ளி நின்ற லெக் அம்பயர் ரெங்கராஜ், லீக்குக்கு அந்த வருடம்தான் வந்தவர்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பவுலர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் பக்கத்தில் நிற்கும் அம்பயர் ‘நோ பால்’ சொல்வார். அது சின்னத் தப்பு. லெக் அம்பயர் சொன்னாலோ விஷயம் வேறு. இந்த ஆள் பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி விரித்துக் கல் எறிவதுபோல் எறிகிறான் என்று அர்த்தம். பவுலரைப் பார்த்து அப்படிச் சொல்வதும், கோயில் உண்டியலில் கைவிட்டான் என்று சொல்வதும் ஒன்றுதான்.

1960, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பொன்மலை மைதானம். ரயில் பட்டறை அணிக்கும் உறையூர் அணிக்கும் ஆட்டம். ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாய் வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது.

அடைக்கலராஜ் திரும்பி நடந்தார். ஓடி வந்தார். வீசினார்.

“நோ பால்!”

மறுபடியும் ரெங்கராஜ். மூன்றாவது பந்துக்கும் அதே குரல், அதே நீட்டிய கை. உறையூர்க் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

“கல்லெறி! டேய், கல்லெறி! மாங்கா அடிக்கப் போடா!”

பட்டறை அணியின் கேப்டன் ஸ்தனிஸ்லாஸ் ஓடிவந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடைக்கலராஜ் யாரையும் பார்க்கவில்லை. நேரே மைதானத்தைத் தாண்டி, பெவிலியனைத் தாண்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போய்விட்டார்.

முப்பத்தோரு வயது. ஒன்பது வருடமாகத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் பேட்ஸ்மேன்கள் அவர் பெயரைக் கேட்டதும் கால் காப்பை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பெயர் மூன்றே பந்தில் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அடைக்கலராஜுக்கு எறியத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்வதல்ல. மெய்யாகவே தெரியாது.

எட்டு வயதில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டவர் அவர். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒன்றரை மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கை வளைந்திருந்தது. முழுவதும் நீளவில்லை. மடங்கும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகலாம். ஆனால் மடக்கியதை விசுக்கென்று விரிக்கச் சொன்னால் அதற்கு வலு கிடையாது. தோளோ அசுரத் தோள். கையை மடக்காமல் தோளிலிருந்து ராட்டினம் போல் சுழற்றினால் பந்து சீறிக்கொண்டு போகும். மடக்கி எறிந்தால் பத்தடியில் சோர்ந்து விழும்.

1951-ல் பாலக்கரையில் அவர் பந்து வீசுவதைப் பார்த்த ஸ்தனிஸ்லாஸ் அங்கேயே தீர்மானித்துவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் பட்டறையில் பாய்லர் பிரிவை மேற்பார்க்கும் சார்ஜ்மேன். ரயில் பட்டறை அணிக்கு வேகப் பவுலர் தேவை. “பேருக்கு ஃபிட்டர் வேலை. பந்து வீசறதுதான் உன் உத்தியோகம். வரியாடா?” என்று கேட்டார். வேலை நிரந்தரம், ஆனால் நடுவில் ஒரு மெடிக்கல் உண்டு. டாக்டர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், இரண்டு கையையும் மடக்கி நீட்டினார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் காதோடு சொன்னார்: “அந்தாளு கவனிக்கல. செத்தாலும் இதை வெளியில சொல்லிடாதே. ஊனத்தை மறைச்சு வேலைக்கு வந்தான்னு தெரிஞ்சா உனக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்.”

அன்றிலிருந்து பட்டறை அணியில் ஓர் ஏற்பாடு. பந்து வீசாத நேரத்தில் அடைக்கலராஜ் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில்தான் நிற்பார். அங்கிருந்து எறிய வேண்டி வராது. தப்பித் தவறி பந்து பின்னால் ஓடினால் கூடவே அணியின் இளவட்டம் தைரியராஜ் ஓடுவான். அடைக்கலராஜ் எடுத்து அவனிடம் உருட்டிவிடுவார், அவன் எறிவான். ஊர் கேட்டால் சொல்வதற்கு ஸ்தனிஸ்லாஸ் ஒரு கதையும் கட்டி வைத்திருந்தார்: “அந்தக் கை பந்து வீச மட்டும்தாங்க. சும்மா எறிஞ்சு வீணாக்க விடமாட்டோம்.”

ஊர் நம்பியது. “சினிமா ஸ்டார் முகத்தைக் காப்பாத்தற மாதிரியில்ல கையைக் காப்பாத்தறான்!” என்று எதிர் அணிகள் பொருமின. ஒன்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அந்த ஒரு ரகசியம்தான் இப்போது அவரைக் காப்பாற்றக்கூடியது. அதைத்தான் சொல்ல முடியாது.

லீக் கமிட்டியின் கடிதம் நான்காம் நாள் வந்தது. பிப்ரவரி ஏழாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு விசாரணை. சாயங்காலமே ஸ்தனிஸ்லாஸ் வந்துவிட்டார். அடைக்கலராஜின் மனைவி செல்வமேரி காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவள் பாலக்கரைப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போகச் சொன்னால் போகிறவள் இல்லை.

“இனிமே ஆடலைன்னு லெட்டர் எழுதிக் குடுத்துடு அடைக்கலம். விசாரணையே வராது” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“எறிஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதாண்ணே?”

“ஆகும்.”

“பந்து வீசறதுக்குன்னு எடுத்த ஆளு கள்ளப் பந்து போட்டிருக்கான், இவனுக்கு வேலை எதுக்குன்னு ஆபீஸ்ல கேப்பாங்களே?”

“கேக்கலாம்.”

“சரி, எனக்கு எறிய வராதுன்னு கையைக் காட்டிடறேன்.”

“காட்டு. அப்ப மெடிக்கல்ல ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க. அதுக்கு வேலை நிச்சயமாப் போகும். கமிட்டித் தலைவர் யாரு? விக்டர் சார். பட்டறையில நம்ம ஃபைலெல்லாம் யாருகிட்ட இருக்கு? அதே விக்டர் சார்கிட்ட!”

செல்வமேரி டம்ளரை எடுத்தாள். “நல்லா இருக்குங்கண்ணே உங்க யோசனை. நின்னா பொய்யன், ஓடினா திருடன். இதுக்கு ஒம்பது வருஷமா ரகசியம் வேற! கல்யாணமான புதுசுல பக்கத்து வீட்டுக் கொடுக்காப்புளி மரத்துக்கு நாலு கல்லு விட்டாரு. நாலும் எங்க ஓட்டு மேலதான் விழுந்துச்சு. எனக்குத் தெரியும், எதிர் வீட்டுக்குத் தெரியும், ஓடு மாத்த வந்தவனுக்குத் தெரியும். கமிட்டிக்கு மட்டும் தெரியக்கூடாதா?”

“செல்வம், சும்மா இரு” என்றார் அடைக்கலராஜ். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் அதிகம் பேசவில்லை. பட்டறையில் யாரோ அவருடைய லாக்கர் கதவில் சாக்பீஸால் ‘கல்லெறி’ என்று எழுதியிருந்தார்கள். கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார். வீட்டில் சொல்லவில்லை. கைக்குட்டையைத் துவைத்த செல்வமேரி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள்.

கணவனுக்குச் சொல்லவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது ஒரு முறை இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தான் வாயைத் திறந்தால் வேலையே போகலாம். திறக்காவிட்டால் அந்தக் கைக்குட்டையைத் தினமும் துவைக்க வேண்டும். மொட்டைக் கோபுரத்தடியில் இறங்கி, “அம்பயரா நிப்பாரே, கணக்கு வாத்தியார் ரெங்கராஜ், அவர் வீடு எங்கேங்க?” என்று விசாரித்தாள்.

“வீட்டுக்கு எதுக்கு? அதோ, சாத்தார வீதி காய்கறிக் கடையில நிக்கறாரே” என்றார் பூக்காரர்.

ரெங்கராஜ் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் காம்பைப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பாதியைத் திரும்பக் கூடையில் போட்டார்.

கடைக்காரம்மாள் சந்திரம்மாள் பொறுமை இழந்தாள். “வாத்தியாரே, கத்தரிக்காய்க்கும் நோ பாலா? ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கு!”

“ஓட்டை இருந்தா சொல்லத்தான் செய்வேன்” என்றார் ரெங்கராஜ், சிரிக்காமல்.

செல்வமேரி முன்னால் வந்து கும்பிட்டாள். “சார், நான் அடைக்கலராஜ் வீட்டுக்காரி.”

அவர் முகம் இறுகியது. “அம்மா, சிபாரிசுக்கு வந்திருந்தா மன்னிச்சுக்கணும். பார்த்ததைத்தான் சொன்னேன். முழங்கை வளைஞ்சிருந்தது. நூறு பேர் வந்து கேட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

“மாத்த வேணாம் சார். நீங்க பார்த்தது சரிதான்.”

ரெங்கராஜ் இதை எதிர்பார்க்கவில்லை.

“அது வளைஞ்சுதான் இருக்கும். காப்பி குடிக்கறப்பவும் வளைஞ்சிருக்கும். கோயில்ல முழங்கால் போட்டு நிக்கறப்பவும் வளைஞ்சிருக்கும். சின்ன வயசுல உடைஞ்ச கை சார். அவருக்கு எறியவே வராதுங்க.”

“எறிய வராதா?”

“ஆணையா வராது. பார்த்தா சிரிப்பீங்க.”

சந்திரம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

“இதை ஏன் அவர் அன்னிக்கே சொல்லல?” ரெங்கராஜின் குரல் தணிந்திருந்தது.

செல்வமேரி மெடிக்கல் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. “வேலை போனாலும் போகட்டும்னு நான் துணிஞ்சுட்டேன். அவரு துணிய மாட்டாரு. எனக்காகவும் பிள்ளைங்களுக்காகவும் வாயை மூடிக்கிட்டு அந்தப் பேரைச் சுமப்பாரு. அதுதான் சார் எனக்குப் பொறுக்கல.”

“நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா ஒரு வாரம் பேச மாட்டாரு. வேலை போச்சுன்னா எப்பப் பேசுவாரோ தெரியாது.”

ரெங்கராஜ் கையிலிருந்த கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தார். செல்வமேரி திரும்ப பஸ் ஏறினாள். சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டோமா?

ஞாயிறு பத்து மணிக்குப் பெவிலியனில் நீள மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் விக்டர், இரண்டு பக்கமும் கமிட்டி உறுப்பினர்கள் இருவர். எதிரே அடைக்கலராஜ், ஸ்தனிஸ்லாஸ், தைரியராஜ். இன்னொரு பக்கம் உறையூர்க் கேப்டன் அருள்நாதன். செல்வமேரி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

விக்டர் முன்னால் பழுப்பு நிறத்தில் ஒரு ஃபைல். ஸ்தனிஸ்லாஸ் அதைப் பார்த்துவிட்டார். “டேய், உன் சர்வீஸ் ஃபைலு!” என்று அவர் முணுமுணுத்தபோது உதடே அசையவில்லை.

ரெங்கராஜ் கடைசியாக வந்தார். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. அதை மேஜைக்கடியில் வைத்துவிட்டு, “தலைவரே, ஒரு வேண்டுகோள். அடைக்கலராஜ் பந்து வீசிக் காட்ட வேண்டாம். எறிஞ்சு காட்டட்டும்” என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அதெல்லாம் முடியாதுங்க. அந்தக் கையை நாங்க எறியறதுக்குப் பயன்படுத்தறதில்ல.”

“ஏன்?” என்றார் விக்டர்.

ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்துவிட்டார். அடைக்கலராஜ் வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில் மனைவி. அவள் தலையை மெல்ல அசைத்தாள். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. கோபம் வரவேண்டும். வரவில்லை. மூச்சுத்தான் வந்தது, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து.

“எறியறேன் சார்” என்றார்.

பவுண்டரிக் கோட்டுக்குப் போனார். எழுபது கஜம் தள்ளி ஸ்டம்ப் அருகே தைரியராஜ் நின்றான். அடைக்கலராஜ் கையை மடக்கி, பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தார்.

பந்து மேலே போனது. பக்கத்திலேயே விழுந்தது. இரண்டு தரம் குதித்துப் புல்லில் படுத்துக்கொண்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது எறி அதைவிட மோசம். அவருடைய காலுக்கு முன்னாலேயே விழுந்து பக்கவாட்டில் ஓடியது. கமிட்டி உறுப்பினர் ஒருவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மூன்றாவது எறியில் அடைக்கலராஜே சிரித்துவிட்டார்.

அருள்நாதன் சிரிக்கவில்லை. “நடிப்பு! நானும்தான் இப்படி எறிவேன். வேணும்னே மெதுவா எறிஞ்சா நாம நம்பிடணுமா?”

சிரிப்பு நின்றது. நியாயமான கேள்வி. மெதுவாக எறிந்து காட்டுவதால் வேகமாக எறியத் தெரியாது என்று ஆகிவிடுமா?

ரெங்கராஜ் துணி மூட்டையை மேஜை மேல் வைத்து அவிழ்த்தார். பழைய ஸ்கோர் புக்குகள்.

“லீக் ஆட்டம் அத்தனைக்கும் ஸ்கோர் புக் இதுல இருக்கு. ரெண்டு நாளா உக்காந்து பார்த்தேன். ஒம்பது வருஷம், நூத்திப் பதினெட்டு ஆட்டம். பட்டறை அணியில ஆளாளுக்கு ரன் அவுட் பண்ணியிருக்காங்க. தைரியராஜ் மட்டும் இருபத்தாறு. விக்கெட் கீப்பர் கூட எறிஞ்சு நாலு பேரை எடுத்திருக்கார். அடைக்கலராஜ் எறிஞ்சு அவுட் ஆனது ஒருத்தர்கூட இல்ல.” அவர் அருள்நாதன் பக்கம் திரும்பினார். “நடிப்புன்னா, என்னிக்கோ ஒரு நாள் நான் நோ பால் சொல்லப் போறேன்னு ஐம்பத்தொண்ணுலயே தெரிஞ்சு நடிச்சிருக்கணும்.”

அருள்நாதன் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். மூடி வைத்தார்.

“வளைஞ்ச கையைப் பார்த்துட்டு, மடக்கி விரிச்ச கைன்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடது. எழுதிக்கோங்க” என்றார் ரெங்கராஜ்.

அடைக்கலராஜ் எழுந்து கும்பிடப் போனார். அதற்குள் விக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அது சரி. முழங்கையில இவ்வளவு கோளாறு இருக்கிற ஆள் பட்டறை மெடிக்கல்ல எப்படிப் பாஸானார்?”

வந்தேவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். விக்டர் பழுப்பு ஃபைலை இழுத்து, நாடாவை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நியமன உத்தரவு. பிறப்புச் சான்று. லீவு கடிதங்கள். வெளியே செல்வமேரி மரத்தடியை விட்டுப் படிக்கட்டு வரை வந்துவிட்டாள்.

விக்டரின் விரல் ஒரு தாளில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். படித்தார். நிமிர்ந்து அடைக்கலராஜைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“சார்,” என்றார் அடைக்கலராஜ். “தப்பு என்னோடதுதான். கேப்டனை ஒண்ணும் செஞ்சுடாதீங்க.”

“எந்தத் தப்பு? இதோ டாக்டர் எழுதியிருக்காரே. ‘வலது முழங்கை, பழைய எலும்பு முறிவு. முழுவதும் நீளவில்லை. விரிக்கும் வலு குறைவு. சுத்தியல் பிடித்து வேலை செய்யத் தடை இல்லை. தகுதி உண்டு.’ கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருக்கு. ஐம்பத்தொண்ணு ஜூன்.”

ஸ்தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்தார்.

“அப்போ... அந்தாளு ‘ம்’னாரே...” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“கவனிச்சுட்டுத்தான் ‘ம்’னிருக்கார். நீங்க யாரும் அவரைக் கேக்கவே இல்லையா?”

“கேட்டா தெரிஞ்சுடுமேன்னு கேக்கலங்க.”

விக்டர் முதலில் மரியாதைக்காக அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரிக்க, தைரியராஜ் சிரிக்க, அருள்நாதனும் சிரித்துவிட்டார். “ஒம்பது வருஷமா நான் இவர் பின்னாலயே ஓடினேனே சார்! ரெண்டு ஆளு ஓட்டத்தை ஒரே ஆளா ஓடினேனே!” என்று தைரியராஜ் புலம்பியது பெவிலியனுக்கு வெளியே கேட்டது.

தீர்ப்பை விக்டர் நாலே வரியில் எழுதினார். பந்துவீச்சு சுத்தம். மூன்று நோ பால்களும் ரத்து. தீர்ப்பின் நகல் எல்லா அணிக்கும் போகும். பட்டறை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்படும்.

படிக்கட்டில் செல்வமேரி அழுதுகொண்டிருந்தாள். அடைக்கலராஜ் அவள் எதிரே நின்றார்.

“ஸ்ரீரங்கம் போனியா?”

“போனேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

அவர் யோசித்தார். “மாட்டேன்.” பிறகு, “பசிக்குது. வீட்டுக்குப் போலாம் வா” என்றார். மூன்று வாரமாக அவர் வாயில் வராத வார்த்தை அது.

அடுத்த மாதம் மன்னார்புரம் அணியோடு ஆட்டம். ஸ்தனிஸ்லாஸ் வழக்கம்போல் அவரை ஸ்லிப்புக்குக் கைகாட்டினார்.

“அண்ணே, ஒரு தடவை அங்கே நின்னு பார்க்கட்டுமா?” அடைக்கலராஜ் காட்டியது பவுண்டரிக் கோட்டை. வேப்பமர நிழல், சில்லென்ற காற்று, சுண்டல்காரன். ஒன்பது வருடமாக அவரை அண்டவிடாத இடம்.

“டேய், ஆட்டம்டா இது!”

“ஒரே ஓவர்.”

மூன்றாவது பந்து அவரைத் தேடியே வந்தது. ஓடிப் பிடித்தார். எறிந்தார். பத்தடியில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்து மறுபடி எறிந்தார். பேட்ஸ்மேன்கள் இருவரும் மூன்று ரன் ஓடிவிட்டு, நாலாவது ஓடலாமா என்று நின்று அவரையே வேடிக்கை பார்த்தார்கள். மைதானம் முழுக்கச் சிரித்தது. ஸ்தனிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டு, “உருட்டுடா! உருட்டியாவது விடுடா!” என்று கத்தினார்.

அடைக்கலராஜ் அவசரப்படவில்லை. மூன்றாம் முறையாகப் பந்தை எடுத்து, எல்லோரும் பார்க்க, கையை நன்றாக மடக்கி எறிந்தார்.